கண்ணாடித் தொட்டிக்குள் யார் செய்த ஹிம்சை?

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தில் சிவன் கோயில் இருக்கிறது. சமணத் தீர்த்தங்கரர் சிலையும் புத்தர் சிலையும் அதே ஊரில் கிடைத்திருக்கின்றன. சோழ நாட்டு ஊர் ஒன்றில் மூன்று சமயங்களும் புழங்கியதற்கு இவை சான்று. அவற்றில் சமணமும் பௌத்தமும், உயிருக்குத் துன்பம் செய்வது என்றால் என்ன, அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விசாரணையை விடாமல் நடத்தியவை. அந்த விசாரணையை இன்று அதே ஊரில் மறுபடி தொடங்க உழவோ வேட்டையோ தேவையில்லை. கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் பல வகை மீன்களை ஒன்றாக விட்டு வளர்க்கும் இரண்டடித் தொட்டி ஒன்று போதும். அதில் ஒரு மீன் இன்னொன்றின் துடுப்பைக் கடித்துக் குதறினால், அந்த ஹிம்சை யாருடைய கணக்கில் சேரும்? கடித்த மீனின் கணக்கில் என்று பலரும் சொல்வார்கள். கடிபட்டதன் விதி என்று சிலர் சொல்வார்கள். சேர்த்து விட்டவரின் கணக்கில் என்பது என் முடிவு. எந்த மீனோடு எந்த மீன் ஒத்துப்போகும் என்று பார்த்து வாங்குவதைப் பொழுதுபோக்கின் நுணுக்கமாகத்தான் கருதுகிறோம். தொட்டி வைப்பவருக்கு உள்ள முதல் அறக்கடமையே அதுதான் என்று இங்கே வாதிட விரும்புகிறேன்.

சமணர்கள் வினையை மூன்றாகப் பிரிப்பார்கள்: தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு உடன்படுவது. மூன்றிலும் வினை ஒட்டும். தொட்டியில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. கடைகளில் டைகர் பார்ப் என்று விற்கும் மீனை எடுத்துக்கொள்வோம். சுமத்ரா, போர்னியோ தீவுகளின் ஓடைகளில் கூட்டமாகத் திரியும் மீன் இது. தனக்குள்ளேயே ஓயாமல் துரத்திக்கொண்டு, யார் மேல், யார் கீழ் என்று முடிவு செய்துகொண்டே இருக்கும். எட்டுப் பத்து மீன்கள் இருந்தால் அந்தத் துரத்தல் பெரும்பாலும் கூட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். இரண்டை மட்டும் வாங்கி ஓர் ஏஞ்சல் மீனோடு விட்டால் அந்த வேகம் முழுவதும் ஏஞ்சலின் பக்கம் திரும்பும். வயிற்றடியில் நூல்போல் தொங்கும் இரண்டு துடுப்புகள்தாம் முதலில் போகும். பிறகு மேல்துடுப்பின் நுனி கிழியும். கிழிந்த ஓரத்தில் வெள்ளைப் பஞ்சுபோல் பூஞ்சை படியும். மீன் மீதமுள்ள துடுப்புகளை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு, ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் மூலையில் அசையாமல் நிற்கும். தீனி போட்டாலும் வெளியே வராது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பவர் அதைச் சாதுவான மீன் என்று நினைத்துக்கொள்வார். ஏஞ்சல் அமேசான் ஆற்றுப்படுகையைச் சேர்ந்தது. பார்ப் இருப்பதோ உலகின் மறுகோடியில். மனிதர் தலையிடாமல் இந்த இரண்டு உயிர்களும் ஒருநாளும் சந்தித்திருக்கவே முடியாது. கடிப்பது பார்பின் சுபாவம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுபாவத்தைத் தப்ப வழியில்லாத இரண்டடிக்குள் கொண்டுவந்து இன்னோர் உயிரின் எதிரே நிறுத்தியது சுபாவம் இல்லை, ஒரு கை.

சமண மரபே மீனுக்கும் வினை உண்டு என்று சொல்கிறதே என்று இங்கே ஒருவர் குறுக்கிடலாம். பெருமீன் ஒன்றின் காதுக்குள் வாழ்ந்த அரிசியளவு மீனின் கதை சமணரிடையே புகழ்பெற்றது. பெருமீனின் திறந்த வாய்க்குள் போய்ப் போய் வெளியேறும் சிறுமீன்களைப் பார்த்து, தான் அந்த உடம்பில் இருந்தால் ஒன்றையும் விடமாட்டேன் என்று எண்ணிய குற்றத்துக்காகவே அது நரகம் புகுந்தது என்பார்கள். ஆக, கடிக்கும் மீன் குற்றமற்றது என்று சமணம் சொல்லாது. ஐம்பொறியும் உள்ள உயிராகவே அது மீனைக் கருதுகிறது. சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் அதே கோட்பாட்டில் செய்தவருக்கு ஒட்டும் வினை செய்வித்தவரின் வினையிலிருந்து கழிந்துவிடுவதில்லை. இருவருக்கும் தனித்தனிக் கணக்கு. பார்பின் கணக்கை பார்ப் பார்த்துக்கொள்ளும். நம் கணக்குதான் இங்கே பேச்சு.

இந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்துக்குச் சொல்லப்பட்ட ஐந்து அதிசாரங்களைப் பார்க்க வேண்டும். உயிரைக் கொல்லாமலேயே விரதத்தில் வழுவும் ஐந்து வழிகள் அவை: கட்டி அடைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்காத பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் இந்த ஐந்தும் வரிசையாக உண்டு. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும், அதைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பிலும் உண்டு. எழுதியவர்களின் மனத்தில் இருந்தது வண்டிமாடும் உழவுமாடுமாகத்தான் இருக்க வேண்டும். மூக்கணாங்கயிறும் நுகத்தடியும் அறிந்தவர்கள் எழுதிய விதி. ஆனால் தவறாகச் சேர்த்த மீன் தொட்டி ஒன்றை இந்த ஐந்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்றுகூட விட்டுப்போவதில்லை என்பது எனக்குப் பெரும் வியப்பு. அடைத்தல், வெளிப்படை. அறுத்தல், மேலே சொன்ன துடுப்பு. அடித்தல் என்பதற்கு மோலி, கப்பி வகைகளே சான்று. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற விகிதம் இல்லாமல் ஆண்களை அதிகம் விட்டால், அவை ஒரு பெண் மீனை நாள் முழுக்கத் துரத்தி அலுத்துச் சாகும்படி செய்துவிடும். உணவைத் தடுத்தல் என்பது இன்னும் கண்ணுக்குப் படாமல் நடக்கிறது. மேல்மட்டத்தில் பாய்ந்து தின்னும் மீன்களோடு, அடியில் துழாவித் தின்னும் கோரிடோராஸ் கெளுத்தியை விட்டால், போடுகிற தீனி தரைக்கு வந்து சேராது. வீட்டார் தினம் இரண்டு வேளை தவறாமல் தீனி போடுவார்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே அந்த மீன் பட்டினி கிடக்கும். இந்திய அரசின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் மனிதர் அல்லாத எந்த உயிரையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. நியாயமான அளவு அசைய இடமில்லாத கூண்டிலோ கலத்திலோ அடைப்பதை அதன் 11ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. சமண ஆசாரியர்கள் விட்டுச்சென்ற இடத்திலிருந்து சட்டம் அதிகம் முன்னேறிவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐந்தில் பாரம் ஏற்றுதல் அரியலூர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. தொட்டியில் பாரம் என்பது மீனின் எண்ணிக்கையும் வளரப்போகும் அளவும்தான். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான் கொள்ளும். கூழாங்கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக 50 லிட்டருக்கும் குறைவு. மீன்கள் தம் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகின்றன. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் பத்து மீனை விட்டால் அவை தம் கழிவிலேயே வேக வேண்டியதுதான். அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்ட் ஆலைகள் அங்கே வந்ததே அதனால்தான். ஒரு காலத்துக் கடலடி இன்று நிலமாகக் கிடக்கும் பகுதி அது. சுண்ணாம்புக்கல்லில் ஊறி வரும் தண்ணீர் கடினத்தன்மையும் காரத்தன்மையும் கொண்டதாக இருக்கும். காரத்தன்மை கூடக் கூட அதே அளவு அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கும் கூடும். ஆகவே மென்னீர் ஊரில் ஒரு தொட்டி தாங்கும் பாரத்தை இங்கே தாங்காது. இன்னொன்று: நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை அமேசானின் மென்மையான, சற்றே அமிலமான நீரில் உருவான மீன்கள். கடின நீரில் விட்ட அன்றே அவை சாவதில்லை; நிறம் மங்கி, நோய்க்கு எளிதில் இடம்கொடுத்து, மெல்ல நலிகின்றன. கப்பி, மோலி, பிளாட்டி, சுவார்ட்டெயில் ஆகிய குட்டிபோடும் மீன்களுக்கோ அதே கடின நீர் உடம்புக்கு ஒத்துவரும். மீனுக்கும் மீனுக்கும் உள்ள பொருத்தத்துக்கு முன்னால், மீனுக்கும் ஊர்த் தண்ணீருக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். துரத்துகிற மீனிடமிருந்தாவது ஒரு கல்லின் பின்னால் ஒளியலாம், தண்ணீரிடமிருந்து ஒளிய முடியாது.

இதற்கு முதல் மறுப்பு பழமையானது. பெரிய மீன் சின்ன மீனைத் தின்பது இயற்கை. ஏரியில் நடப்பது தொட்டியில் நடந்தால் என்ன? அரியலூர் மாவட்டத்துக் காரைவெட்டி ஏரியில் விரால் கெண்டைக்குஞ்சைத் தின்கிறது. அந்த மீன்களைத் தேடிப் பறவைகள் பலவும் வருகின்றன. 2024இல் அந்த ஏரி ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. உண்மை. ஆனால் ஏரியில் கெண்டைக்கு நாணல் உண்டு, ஆழம் உண்டு, கலங்கல் உண்டு, ஆயிரம் உடன்பிறப்புகள் உண்டு. விரால் பத்து முறை பாய்ந்தால் பல முறை தோற்கும். அந்தத் தோல்விதான் கெண்டை இனத்துக்கு வாழ்வு. ஆஸ்கர் மீனும் கப்பியும் இருக்கும் தொட்டியில் கப்பி தப்பிக்கும் வாய்ப்பை நாம் முன்கூட்டியே எடுத்துவிட்டோம். மேலும் மச்ச நியாயம் என்ற கருத்தை அர்த்தசாஸ்திரம் கையாள்வது அதை ஆதரிக்க அன்று. தண்டம் ஏந்துகிறவன் இல்லாத இடத்தில் வலியது மெலியதை விழுங்கும். ஆகவே அரசன் வேண்டும் என்பதே அதன் வாதம். தொட்டியைக் கட்டி, தண்ணீர் ஊற்றி, விளக்குப் போட்டு, இன்னின்னார் இங்கே வாழலாம் என்று தீர்மானித்தவர் அந்தச் சின்ன நாட்டுக்கு அரசர். மச்ச நியாயத்தைச் சாக்காகச் சொல்ல அவருக்குத்தான் கொஞ்சமும் உரிமையில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது: தெரியாமல் செய்தது குற்றமா? விரல் நீளம் இருக்கையில் வாங்கிய ஆஸ்கர் ஓரடிக்கு வளரும் என்று யாருக்குத் தெரியும்? ஏஞ்சல் குஞ்சு பெரிதானதும் நியான் டெட்ராவை விழுங்கிவிடும் என்று கடையில் சொல்லவில்லையே? இங்கேதான் விக்கிரமங்கலத்தில் கிடைத்த அந்த இரண்டு சிலைகளும் எதிரெதிரே அமர்கின்றன. வினையில் முதன்மையானது எண்ணமா, உடலால் செய்த செயலா என்பது பௌத்தருக்கும் சமணருக்கும் இடையே நடந்த பழைய வழக்கு. பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்துக்கு மையமே அந்த வழக்குதான். எண்ணம்தான் வினை என்பது பௌத்தம். அந்த வாதப்படி, கொல்ல எண்ணாமல் ஏஞ்சலையும் டெட்ராவையும் சேர்த்தவருக்குக் கொலைப்பாவம் இல்லை என்று வாதிட இடமுண்டு. ஆனால் அந்த மரபிலேயே மிலிந்தன் வினாக்கள் என்ற நூலில் பிக்கு நாகசேனர் வேறொரு பதில் சொல்கிறார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைச் சூடு என்று அறிந்து தொடுபவனைவிட அறியாமல் பிடிப்பவனின் கைதான் அதிகம் வேகும். அறியாமல் செய்யும் தீவினையும் அப்படியே என்பது அவர் கூற்று. சமணம் இன்னும் நேராக வருகிறது. கவனமின்மையால் உயிருக்கு நேரும் கேடுதான் ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. கவனமாக நடந்தும் காலடியில் ஓர் எறும்பு இறந்தால் அந்த வரையறைக்குள் அது வராது. கேட்டறிய வாய்ப்பிருந்தும் கேட்காமல், நிறம் பார்த்து நாலு வகையை ஒரே பாலிதீன் பையில் போட்டு வாங்கிவந்தால் வரும். இந்த வழக்கில் நான் சமணர் பக்கம். எண்ணம் நல்லதாக இருந்தது என்பது நம் மனத்துக்கு ஆறுதல்; துடுப்பிழந்து மூலையில் நிற்கும் மீனுக்கு அதில் எதுவும் கிடைப்பதில்லை. அதோடு, அறியாமை என்பது இந்த விஷயத்தில் மிகச் சுலபமாகத் தீர்க்கக்கூடியது. இந்த மீன் எவ்வளவு வளரும், எதைத் தின்னும், எத்தனையாக வாழும் என்ற மூன்று கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

மீனுக்கு வலிக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. 2003இல் லின் ஸ்னெடன் என்ற உயிரியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் டிரவுட் மீனின் முகத்தில் வலியுணர் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் தீனியை நெடுநேரம் மறுத்தன. உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. மார்ஃபின் கொடுத்தபோது அந்த நடத்தை குறைந்தது. மூளையில் புறணி இல்லாத உயிருக்கு வலி என்ற அனுபவமே இருக்க முடியாது என்று மறுக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். வழக்கு முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வலிக்கலாம் என்பதற்கு இவ்வளவு சான்று இருக்கும்போது, ஐயத்தின் பலனை நமக்கு எடுத்துக்கொள்வதா மீனுக்குக் கொடுப்பதா என்பதுதான் அறத்தின் கேள்வி. வாரம் ஒருமுறை வஞ்சிரமும் கெளுத்தியும் குழம்பு வைக்கும் வீட்டில் இந்தக் கரிசனம் பொருந்தாது என்பாரும் உண்டு. பசிக்கு உண்பதையும் இதையும் ஒன்றாக்கக் கூடாது. எந்தப் பயனும் கருதாமல் உயிரை வருத்துவதை அனர்த்த தண்டம் என்று தனியாகவே பிரித்து விலக்கினார்கள் சமணர்கள். பார்த்து மகிழ மட்டும் வைத்திருக்கும் உயிர் துன்பத்தில் கிடந்தால், அந்தத் துன்பத்துக்கு எதிர்த்தட்டில் வைக்க ஒன்றுமே இல்லை. மீன் உண்பவர் வீட்டுத் தொட்டிக்கும் அந்தத் தராசு ஒன்றுதான்.

அப்படியானால் வளர்க்கவே கூடாது என்பதுதானே நேர்மையான முடிவு? ஐந்து அதிசாரங்களில் முதலாவதே அடைத்தல் அல்லவா? எல்லா மறுப்புகளிலும் எனக்கு மிகவும் கடினமானது இது. முழுமையாக இதை வென்றுவிட்டேன் என்று காட்டிக்கொள்ள மாட்டேன். உயிருள்ளவற்றை விற்கும் வாணிபத்தை இல்லறத்தாருக்கு விலக்கிய ஐந்து வாணிபங்களில் ஒன்றாக புத்தர் வைத்தார் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் அடைத்தலின் தீமை எதில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டிய மாட்டைப் பற்றிப் பேசும் சமண உரைகாரர்கள் சிலர், தேவையின்றிக் கட்டக்கூடாது, கட்டினாலும் தளர்வாக, தீப்பிடித்தால் அவிழ்க்கும்படி கட்டவேண்டும் என்று வகை பிரித்தார்கள். கட்டு எதைப் பறிக்கிறது என்பதே அவர்களுடைய அளவுகோல். சென்னை கொளத்தூரிலும் சுற்றுப்புறப் பண்ணைகளிலும் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த கப்பிக்கு, திரும்பிப் போகக் காடோ ஆறோ இல்லை. தன் இனத்தோடு, உடம்புக்கு ஏற்ற தண்ணீரில், துரத்துவாரின்றி, செடி மறைவோடு அது வாழ்ந்தால் அடைப்பு அதனிடமிருந்து பறிப்பது குறைவு. மேற்குத்தொடர்ச்சி மலை ஓடையில் பிடித்து வந்த டெனிசன் பார்பிடமிருந்து பறிப்பதோ எல்லாமும். அந்த இனமே அழிவின் அபாயத்தில் இருக்கிறது. ஓடையில் பிடித்தது என்று தெரிந்தால் வாங்கவே கூடாது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. பண்ணையில் பிறந்ததை, மற்ற நான்கு அதிசாரங்களும் நேராது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பொருத்தம் பாராமல் வைத்த தொட்டிக்கு இந்த விதிவிலக்கு கிடையாது. அங்கே 'வளர்க்கவே கூடாது' என்பவர்தான் சரி.

ஒத்துப்போகாத மீனைக் குளத்தில் விட்டுவிடுவதை ஜீவகாருண்யம் என்று எண்ணுவது இன்னொரு தவறு. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் ஏரியில் விடப்படுகிறது. இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. மேலே ஓடு போன்ற செதில் கொண்ட அதை நம் ஊர்ப் பறவையோ மீனோ எளிதில் தின்ன முடியாது. தன் தொட்டியின் பாரத்தை இறக்கி ஊர் ஏரியின் தலையில் ஏற்றுவதும் செய்வித்தல்தான். கடைக்கே திருப்பிக் கொடுப்பது, பொருத்தமான தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுப்பது, அல்லது கடைசிவரை தனியாக வைத்துக் காப்பது ஆகிய மூன்றைத் தவிர வேறு நேர்வழி இல்லை.

ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. சுபாவம் ஒத்தவற்றோடுதான் சுபாவம் ஒத்தவை வாழ வேண்டும் என்ற இந்த வாதத்தை மனிதர்கள் பக்கம் திருப்பி, இன்ன சாதியும் இன்ன சாதியும், இன்ன மதமும் இன்ன மதமும் ஒரே தெருவில் ஆகாது என்று பேச ஆசைப்படுவோர் உண்டு. அந்த ஒப்பீடு அடிப்படையிலேயே பொய். ஆஸ்கரும் கப்பியும் வேறு வேறு உயிரினங்கள். மனிதர் யாவரும் ஒரே இனம். மனிதர் பேசித் தீர்ப்பார்கள், பழக்கத்தை மாற்றுவார்கள், ஒப்பந்தம் செய்வார்கள். வாயைத் திறந்து முறையிட முடியாத, சுபாவத்தை மாற்றிக்கொள்ள முடியாத உயிர்களுக்காகவே இந்தப் பொருத்தம் பார்க்கும் கடமை. மனிதர்களைப் பற்றிக் கேட்பவருக்கு விக்கிரமங்கலத்தில் கிடைத்த சிலைகளே விடை.

எனவே அரியலூர்ப் பக்கத்தில் கடின நீர் உள்ள வீட்டில் முதல் தொட்டி வைக்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஏஞ்சல், ஆஸ்கர், டைகர் பார்ப், கோல்டு ஃபிஷ், ஆண் ஃபைட்டர் இவற்றில் எதையும் கலவைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். பிளாட்டியும், நம் நாட்டு நீர்நிலைகளிலும் வாழும் ஸீப்ரா டானியோவும் ஒத்துவாழும். டானியோ ஆறுக்குக் குறையக் கூடாது. குட்டி பெருகிப் பாரம் கூடாமலிருக்க பிளாட்டியில் ஆண்களை மட்டும் நாலைந்து எடுங்கள். 50 லிட்டருக்கு அதுவே போதும். மீன் இல்லாமல் தொட்டியை ஒரு மாதத்துக்கு மேல் ஓடவிட்டு, சிறிதளவு தீனி மட்டும் போட்டு நுண்ணுயிரை வளர்த்த பிறகே கடைக்குப் போங்கள். இது எவ்வளவு வளரும், எதைக் கடிக்கும், எத்தனையாக வாழும் என்று கேளுங்கள். கடைக்காரரிடம் பதில் இல்லையென்றால் அன்றைக்கு அந்த மீனை வாங்காதீர்கள்.